சிவப்பு விளக்கில் மூன்று முறை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஆட்டம் ஐந்தரை மணிக்கு முடிந்தது. அடுத்த வாரம் ஐந்து மணிக்கு. போன ஞாயிறு நாலு இருபதுக்கே முடிந்துவிட்டது.

மீட்டர்காரர் இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அவருக்கு எல்லா எண்ணும் நினைவிருக்கும். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ஓடிய கணக்கைக் குறித்து வருகிறவர் அவர். போன மாதம் நானூறு ஓடிய மீட்டர் இந்த மாதம் நூறுதான் ஓடியிருக்கிறது என்றால், வீட்டுக்காரர் திருந்திச் சிக்கனமாகிவிட்டார் என்று ஊர் நம்பலாம். அவர் நம்பமாட்டார். டார்ச்சை அடித்து முத்திரைக் கம்பியை இழுத்துப் பார்ப்பார். பின்னால் வந்து நின்று "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று யாராவது குழைந்தால், அந்த வீட்டில் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகத் தேடுவார். பெரும்பாலும் ஏதாவது அகப்படும்.

"யாரோ கை வெச்சிருக்காங்க" என்று இந்த ஞாயிறு மகள் இருக்கும் வீட்டுக்கு நான்கு மாடி ஏறும்போது முணுமுணுத்துக்கொண்டார். மின்தூக்கி வழக்கம்போல் வேலை செய்யவில்லை.

அவருக்கும் மனைவிக்கும் ஒத்துவராமல் தனித்தனியாகி இரண்டு வருடம் ஆகிறது. மகள் அம்மாவோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை மகள் அவருக்கு. எட்டு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது தலை உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று அவர் வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் ஆறு அடித்ததும் அவர் கிளம்புவார், பட்டாணி காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அந்த அழுகை வியாழக்கிழமைவரை ஓயாது. ஒருநாள் மனைவி வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சும்மா பேசிக்கிட்டு இருந்துட்டுக் கிளம்பினா அழுறா. ஏதாவது ஒரு ஆட்டம் ஆடுங்க. ஆட்டம் முடிஞ்ச கையோட கிளம்பிடுங்க. ஜெயிச்ச சந்தோஷத்துல இருக்கும்போதே போயிட்டா தெரியாது." அவர் கடைக்குப் போய் ரயில் ஆட்டம் ஒன்று வாங்கி வந்தார். மனைவி சொன்னது பலித்தது. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. ஆட்டம் முடிந்தால், மணி என்னவானாலும், அப்பா செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இப்படியொரு ஏற்பாடு இருப்பது பட்டாணிக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று பெரியவர்கள் இருவருக்கும் தோன்றவும் இல்லை.

ஆட்டம் என்னவோ சுலபமானதுதான். அட்டையில் எழுபத்திரண்டு கட்டங்கள் சுற்றிச் சுற்றி நடுவில் இருக்கும் கடைசி நிலையத்துக்குப் போகின்றன. ஆளுக்கு ஒரு மர ரயில். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ரயிலை நகர்த்த வேண்டும். பச்சை விளக்குக் கட்டத்தில் நின்றால் வழியில் வரும் அடுத்த நிலையம்வரை ஓடலாம். சிவப்பு விளக்கில் நின்றால் காத்திருக்க வேண்டும். குகைக்குள் நுழைந்தால் அடுத்த குகை வழியாக வெளியே வரலாம். முதலில் கடைசி நிலையத்துக்குப் போனவர் ஜெயித்தவர். ஐந்து வயதுப் பிள்ளைகூட அரைமணி நேரத்தில் ஆடி முடித்துவிடும்.

அரைமணி என்றால் மூன்றரைக்கு மீட்டர்காரர் தெருவில் நிற்க வேண்டும். முதல் நாள் பெட்டியைத் திறந்து விதித்தாளைக் கையில் எடுத்தபோதே இது அவருக்கு உறைத்தது. உடனே தாளைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தார். ஆறு விழுந்தால்தான் ரயில் புறப்படும். பச்சை விளக்கில் மூன்று கட்டம்தான் ஓடலாம். சிவப்பு விளக்கில் மூன்று முறை காத்திருக்க வேண்டும். கடைசி நிலையத்துக்குள் போக எண் கச்சிதமாக விழ வேண்டும், ஒன்று கூடிப்போனாலும் பத்துக் கட்டம் பின்னால் வர வேண்டும். இப்படி இழுத்ததில் ஆட்டம் ஆறு மணிவரை தாராளமாக ஓடியது. ஊரார் வீட்டுத் திருட்டையெல்லாம் பிடிக்கிற மனுஷன், சொந்த மகளோடு ஆடும் ஆட்டத்தில் முத்திரையைப் பிரித்துக் கம்பியைத் திருகிவிட்டார். யாராவது கேட்டிருந்தால், அது வேறு இது வேறு என்று அடித்துப் பேசியிருப்பார்.

பிடிபட வழியும் இல்லை. பட்டாணிக்குப் படிக்க வராது. எழுத்தெல்லாம் ஆடுகிறது, பக்கத்து எழுத்தோடு இடம் மாறிக்கொள்கிறது என்பாள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வகுப்பே சிரிக்கும். ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும், யார் கவனிக்காமல் விட்டது என்று பள்ளி வாசலிலேயே இருவரும் சண்டை போட்டதும் போன வருடத்துக் கதை. அதன் பிறகு அவர் படிப்புப் பேச்சையே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்பது அவர் நினைப்பு.

இப்படியிருந்தவள், மூன்று வாரத்துக்கு முன்னால், பகடையில் நாலு விழுந்ததும் ரயிலை எடுத்து நகர்த்திவிட்டாள்.

"ஆறு விழலையேம்மா" என்றார்.

"ஆறு விழணும்னு இல்லப்பா. எது விழுந்தாலும் கிளம்பலாம்."

"யார் சொன்னா?"

"எனக்குத் தெரியும்" என்றாள், அட்டையைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த வாரம், கடைசி நிலையத்துக்குக் கச்சிதமான எண் தேவையில்லை என்றாள். அவர் விதித்தாளைத் தேடினார். பெட்டியில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு "எங்கயோ போயிடுச்சு" என்றாள். எங்கேயோ போன பொருள் எல்லாம் யாரோ எடுத்து வைத்த பொருள் என்பது அவருடைய இருபத்திரண்டு வருட அனுபவம். போன வாரம் பச்சை விளக்கில் மூன்று கட்டத்துக்குப் பதிலாக அடுத்த நிலையம்வரைக்கும் ஓடலாம் என்று ஆகிவிட்டது. மூன்று என்பது தாளில் இருந்ததா, தான் சேர்த்ததா என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

அன்றைக்குத்தான் ஜன்னல் திட்டில் அந்த மூக்குக் கண்ணாடியையும் பார்த்தார். கறுப்புச் சட்டம், தடித்த பட்டை. அவர் மனைவி கண்ணாடி போட்டு அவர் பார்த்ததே இல்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா. கண்ணாடி போட்ட ஒரு ஆள் இந்த வீட்டுக்கு வந்து போகிறான். பட்டாணியைப் பக்கத்தில் உட்காரவைத்து விதித்தாளை வாசித்துக் காட்டியிருக்கிறான். உங்கப்பா உன்னை இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறார் என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆட்டத்தைச் சுருக்கினால் அவர் சீக்கிரம் தொலைவார் என்று மனைவியும் கூடச் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறாள். வாரத்தில் அந்த மூன்று மணி நேரம்தான் அவருக்கு என்று இருந்தது. மற்ற ஆறு நாளும் அதற்காகக் காத்திருக்கிற நாட்கள். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறார்கள்.

அன்று அவர் செருப்பை மாட்டும்போது பட்டாணி கூடவே வந்து, "கொஞ்ச நேரம் உக்காரேன்பா. தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

தண்ணீர் என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. "உங்கம்மா சொல்லச் சொன்னாளா?" என்று கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் படி இறங்கிவிட்டார்.

இந்த ஞாயிறு மனைவிதான் கதவைத் திறந்தாள். "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. வாரம் முழுவதும் போட வேண்டிய வெள்ளைக் கோட்டுகளை ஞாயிறு மதியம்தான் இஸ்திரி போடுவாள். இஸ்திரிப் பெட்டி மேசையில் இடிக்கும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது.

மீட்டர்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். திட்டில் கண்ணாடி இல்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிராக இருக்கும் இரண்டு நாற்காலிகள் இன்றைக்கு ஒரே பக்கம் தோளோடு தோளாக இருந்தன. மேசைக்கடியில் பென்சில் சீவிய சுருள். கதவோரம் ஆண் செருப்பு ஏதும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார். எடுத்து உள்ளே வைத்திருக்கலாம்.

பட்டாணி தரையில் அட்டையை விரித்துத் தயாராக இருந்தாள். அவர் முடிந்தமட்டும் நேரத்தைக் கடத்தினார். பகடையைக் கைக்குள் வைத்து ரொம்ப நேரம் குலுக்கினார். ரயிலை ஒவ்வொரு கட்டமாகத் தட்டித் தட்டி நகர்த்தினார். அவளோ டக் டக்கென்று ஆடினாள். இருபதாவது நிமிடத்தில் அவர் ரயில் சிவப்பு விளக்கில் போய் நின்றது.

"மூணு முறை நிக்கணும்" என்றார்.

"ஒரு முறைதாம்பா" என்றாள். அதைக்கூட உள்ளறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

அதோடு கடைசி விதியும் போயிற்று. மூன்று முப்பத்தைந்துக்குப் பட்டாணியின் ரயில் கடைசி நிலையத்துக்குள் நுழைந்தது. ஜெயித்த முகமாக அது இல்லை. அவள் அவருடைய காலைப் பார்த்தாள், எழுந்துகொள்கிறாரா என்று.

அவர் எழுந்துகொள்ளவில்லை. "தாளைக் கொண்டா" என்றார்.

"எந்தத் தாள்?"

கேட்டுக்கொண்டே அவள் கை பள்ளிப் பையின் மேல் போனது. திருடினவர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது, கண் ஒரு பக்கம் போனாலும் கை ஒளித்த இடத்துக்குப் போய்விடும். அவர் எட்டிப் பையை இழுத்தார். அவள் விடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையோடு பைக்கு இழுபறி நடத்துகிறோமே என்ற கூச்சம்கூட அவருக்கு அப்போது வரவில்லை. நோட்டுக்குள்ளிருந்து விதித்தாள் வந்தது.

தாள் முழுக்கப் பென்சில் வேலை. ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே சின்னச் சின்னக் கோடுகள். 'ஒரு முறை காத்திருக்க வேண்டும்' என்ற இடத்தைச் சுற்றி வட்டம், பக்கத்தில் '3' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. இருக்கிற எண் ஒன்று, சொன்ன எண் மூன்று. பார்த்தவுடன் அவருக்குப் புரிந்தது. தினமும் அவரே குறிக்கிற குறிப்பு.

"யார் உனக்கு இதைப் படிச்சுக் காட்டினது?"

"யாருமில்லப்பா."

"கண்ணாடி போட்டவரா?"

அவளுக்கு விளங்கவில்லை. விழித்தாள். "நான்தான் படிச்சேன்."

"பொய் சொல்லாத, பட்டாணி."

அந்தக் குரலில் அவர் அவளிடம் இதுவரை பேசியதில்லை. அது மீட்டர்ப் பெட்டிக்கு முன்னால் நின்று பேசுகிற குரல். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நீதானே படிச்ச? இப்ப படி, கேப்போம்."

"இப்ப வேணாம்பா" என்று கிசுகிசுத்தாள். "அம்மா இருக்காங்க."

அவருக்கு அதுவே போதுமான சாட்சியாகப் பட்டது. "அம்மா இருந்தா என்ன? படி."

பட்டாணி தாளை வாங்கினாள். தரையில் வைத்து, அதன்மேல் குனிந்து, பென்சில் முனையை முதல் எழுத்துக்கு அடியில் வைத்தாள். "ஆட்... டத்... தின்... ஆட்டத்தின்... வி... தி... விதிகள்." மூச்சு விட்டாள். "ஒன்று. பகடை... யில்... எந்த எண்... விழுந்... தாலும்... ரயில்... புறப்ப... புறப்படலாம்."

ஒவ்வொரு சொல்லும் மேட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி வந்தது. ஆனால் வந்தது. நடுவில் ஓரிடத்தில் தடுமாறி, விரலால் பின்னாலிருந்து கூட்டிக்கொண்டு வந்து சரியாகச் சொன்னாள். யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ததென்றால் இப்படித் தடுமாறாது. இரண்டாவது விதி, மூன்றாவது விதி. "சிவப்பு... விளக்கில்... நிற்கும் ரயில்... ஒரு... முறை..." அங்கே நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை, பயம்தான் இருந்தது. எதற்குப் பயப்படுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

இஸ்திரிச் சத்தம் நின்று எவ்வளவு நேரமாயிற்றோ தெரியாது. மனைவி உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மூக்கின்மேல் கறுப்புச் சட்டக் கண்ணாடி.

"எப்ப வாங்கின?" என்று அவர் கேட்டார். என்ன கேட்பதென்று தெரியாமல் வந்த கேள்வி.

"ஆறு மாசமாச்சு. மருந்து அட்டையில இருக்கிற எழுத்தெல்லாம் மங்கிப்போச்சு. தினமும் சாயங்காலம் இவளும் நானும் சேர்ந்துதான் உக்காந்து படிக்கிறோம். உங்ககிட்ட அவளேதான் சொல்லுவாளாம், நான் வாயத் திறக்கக் கூடாதாம்." மனைவியின் பார்வை தாளுக்குப் போனது. "அது சரி, சிவப்பு விளக்குல மூணு முறைன்னுதானே இத்தனை நாளாக் காதுல விழுது?"

பட்டாணி சட்டென்று எழுந்து அவருக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள்.

"அம்மா, நீ உள்ள போ. அப்பாவைக் கிண்டல் பண்ணாத."

"நான் எங்கடி கிண்டல் பண்ணேன்?"

"அப்பாவுக்கும் எழுத்து ஆடுதும்மா. என்னை மாதிரியே."

பட்டாணி விரித்த கையை இறக்காமலே அவர் பக்கம் திரும்பி, காதோரம் வந்து, அம்மாவுக்குக் கேட்காது என்ற நம்பிக்கையில் சொன்னாள். "நானா முதல்ல படிச்சது இந்தத் தாள்தான்பா. உனக்குப் படிச்சுக் காட்டணும்னு இருந்தேன். படிச்சா, நீ சொன்னது ஒண்ணுமே இதுல இல்ல. அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. யார்கிட்டயும் சொல்லல. தாளை ஒளிச்சு வெச்சுட்டேன். ஆட்டத்தைச் சீக்கிரம் முடிச்சிட்டா உனக்குச் சொல்லிக்குடுக்க நேரம் இருக்கும்னு பாத்தேன். நீ எழுந்து போயிடுற." கொஞ்சம் யோசித்து, "நடுவுல கோடு போட்டுக்கிட்டா எழுத்து ஓடாதுப்பா. வெக்கமா இருந்தா வாய்க்குள்ளயே படிக்கலாம், டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள்.

தோளோடு தோளாகக் கிடந்த இரண்டு நாற்காலியும் பட்டாணி தனக்கும் அவருக்கும் போட்டு வைத்தவை என்று மீட்டர்காரருக்கு அப்போது விளங்கியது. கண்ணாடிக்காரன் என்று ஒருத்தனை உருவாக்கி, அவனுக்குச் செருப்பு வேறு தேடியிருக்கிறார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம், பட்டாணி பென்சிலால் கோடு போட்டுக் கொடுப்பாள். இருட்டு மூலையில் டார்ச் வெளிச்சத்தில் கடுகளவு எண்ணைப் படிக்கிற கண் அவருடையது என்று மனைவிக்குத் தெரியும். ஆனால் அவள் வாயைத் திறக்கப்போவதில்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. காட்டிக்கொடுக்காமல் அவரை விட்டுவிட்டாள். விரித்த அந்த இரண்டு சின்னக் கைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் அவரால் முடியவில்லை.

"எனக்கு எழுத்து ஆடலம்மா" என்றார். "நல்லாவே படிக்க வரும்."

பட்டாணி கையை இறக்கினாள். "அப்ப மூணுன்னு?"

"இல்லாததைச் சொன்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். ஆட்டம் முடிஞ்சா நான் கிளம்பணும். அதான் இழுத்தேன்."

"முடிஞ்சா கிளம்பணும்னு யார் சொன்னா?"

மனைவிதான் பதில் சொன்னாள். "நான் சொன்னேன். நீ அழக் கூடாதுன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டோம்."

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அழுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. இருவரையும் மாறி மாறி, கொஞ்சம் கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை மீட்டர்காரர் முகம் பார்க்கும் கண்ணாடியில், தன் முகத்தில்தான் பார்த்திருக்கிறார். வீட்டை விட்டுப் போனபோதுகூட அவருக்கு மகளிடம் இவ்வளவு பயம் வந்ததில்லை.

"ஆறு மணிவரைக்கும் இருங்க" என்றாள் மனைவி. உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து, அவளும் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

பட்டாணி நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டிப் பென்சிலை எடுத்தாள்.

"வேற என்னென்ன இல்லாததைச் சொன்ன?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"போன மழையில ரெண்டு ஞாயித்துக்கிழமை நீ வரல. ஜுரம்னு சொன்ன."

"ஜுரம் ஒரு வாரம்தான்" என்றார்.

"இன்னொரு வாரம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கீழ வாசல்வரைக்கும் வந்தேன். உன்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போறது தாங்க முடியாம இருந்துது. அதனால மேல வராமலே போயிட்டேன்."

பட்டாணி அவர் முகத்தையே பார்த்தாள். இது நிஜமா, இதிலும் ஏதாவது கூட்டியிருக்கிறாரா என்று தேடுகிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அவள் நோட்டின்மேல் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவர் சொன்னதை எழுத ஆரம்பித்தாள். அடுத்த கேள்விக்காக அவர் காத்திருந்தார். மணி நாலுகூட ஆகியிருக்கவில்லை.